பின்கட்டை நீட்டுவதா, முன்கட்டை நகர்த்துவதா: லினக்ஸில் பார்ட்டிஷன் அளவை மாற்றும் வழிகள்

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டில் நாங்கள் வைத்திருக்கும் மேசைக் கணினி, சென்ற ஆவணியில் ஒரு நாள், உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான புதுப்பிப்பை நிறுவ மறுத்துவிட்டது. ரூட் பார்ட்டிஷன், அதாவது டிஸ்கில் இயங்குதளத்துக்கென்று பிரித்து வைத்த பகுதி, நிரம்பிவிட்டது என்பதே அது சொன்ன காரணம். அதே ஹார்ட் டிஸ்கில், எங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனில், முந்நூறு ஜிபிக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது. ஒரே வளவில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், சாமான் வைக்க இடமில்லாமல் திணறுவதும், எதிர் அறைக்குரிய புள்ளி அதைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருப்பதும் எங்கள் பக்கத்தில் பழகிய காட்சிதான். கணினிக்குள்ளும் அதையே பார்க்க நேர்ந்தது.

அந்த ஹோம் பார்ட்டிஷனில் இருப்பவை, அழிந்தால் மறுபடி கிடைக்காதவை. ஐயா காலத்து ரங்கூன் கடைப் பேரேடுகள், ஐந்தொகைத் தாள்கள், மூன்று தலைமுறைக் கல்யாணங்களின் இசைகுடிமானங்கள் என்னும் ஒப்பந்த ஏடுகள், மொய்ப்பண ஏடுகள் ஆகியவற்றை ஆச்சியும் நானும் நான்கு ஆண்டுகளாக ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறோம். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 600 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் சுமார் 104 எம்பி வரும். ஐயாயிரம் பக்கங்களைக் கடந்துவிட்டோம். மற்றவற்றையும் சேர்த்து மொத்தம் 560 ஜிபி. அசல் ஏடுகளில் சிலவற்றைக் கரையான் முடித்துவிட்டது. "தம்பி, ஐயா ஏடெல்லாம் பத்திரமாத்தானே இருக்கும்?" என்று ஆச்சி கேட்ட பிறகு, இடத்தைக் கூட்டுவது இரண்டாவது வேலையாகவும், இருப்பது போகாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலையாகவும் ஆகிவிட்டன. எந்தெந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன், எதை எதற்காக ஒதுக்கினேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் டிஸ்கின் அமைப்பு. அது 1 டிபி கொள்ளளவுள்ள, சுழலும் வகை ஹார்ட் டிஸ்க். தொடக்கத்தில் 512 எம்பி அளவில், கணினி துவங்கப் பயன்படும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், அடுத்து 50 ஜிபி ரூட், அதை ஒட்டி, நினைவகம் போதாதபோது உதவும் 8 ஜிபி ஸ்வாப், மிச்சம் முழுவதும் ஹோம். ரூட், ஹோம் இரண்டிலும், கோப்புகளை டிஸ்கில் ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4. சில ஆண்டுகளுக்கு முன் லினக்ஸை நிறுவிய பலரிடமும் இதே வரிசைதான் இருக்கும் என்பதால், என் கணக்கு அவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எந்தப் பக்கம் காலி என்பதே முதற்கேள்வி

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பாகத் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு, பின்தெருவில் கொல்லை வாசலாக முடிகிறது. டிஸ்கும் அவ்வாறே முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரே வரிசை. ஒரு கட்டின் பின்னால் காலி மனை கிடந்தால் பின்சுவரை மட்டும் எடுத்து நீட்டிக்கொள்ளலாம்; உள்ளே இருக்கும் பெட்டகத்தை அசைக்க வேண்டியதில்லை. காலி மனை முன்புறம் இருந்தால் கதை வேறு. கோப்பு முறைமை தன்னிடமுள்ள ஒவ்வொரு துண்டையும் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது என்று எண்ணித்தான் கணக்கு வைத்திருக்கிறது. தொடக்கம் நகர்ந்தால் அந்த எண்கள் பழையபடியே சரியாக இருக்க வேண்டும். அதற்கு உள்ளேயுள்ள தரவு முழுவதையும் அதே வரிசையில் தூக்கிப் புதிய இடத்தில் வைத்தாக வேண்டும். எல்லா நேரச் செலவும் எல்லா ஆபத்தும் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

என் நிலை இரண்டாம் வகை. ரூட்டுக்குப் பின்புறம் இடம் வேண்டும். அங்கே ஸ்வாப் உட்கார்ந்திருக்கிறது. ஸ்வாப்பை நீக்கிவிட்டு ரூட்டுக்குள் ஒரு ஸ்வாப் கோப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கிடைப்பது 8 ஜிபி மட்டுமே, அதிலும் ஒரு பங்கை அந்தக் கோப்பே தின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹோமின் முன்சுவரை வலப்புறம் தள்ள வேண்டும். ஹோமைச் சுருக்குவதால் மட்டும் வேலை முடிவதில்லை. சுருக்கினால் காலியிடம் ஹோமின் வாலில், டிஸ்கின் கடைக்கோடியில்தான் உருவாகும்.

இரண்டாவது கேள்வி, கோப்பு முறைமை எதற்கு இடம் கொடுக்கும் என்பது. ஈஎக்ஸ்டி4 பயன்பாட்டில் இருக்கும்போதே வளரும். ஆனால் சுருக்குவதற்கு அதை மவுண்ட் நீக்கியே, அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்றியே, ஆக வேண்டும், ரூட்டைச் சுருக்குவதென்றால், இயங்குதளத்தையே தாங்கிய பென்டிரைவான லைவ் யூஎஸ்பியிலிருந்து துவக்கியாக வேண்டும். ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் இயல்பாகத் தரும் எக்ஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை வளர மட்டுமே அறியும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதைச் சுருக்கும் வழி இல்லை என்றே கொள்ளலாம். ஃபெடோரா என்னும் மற்றொரு லினக்ஸின் மேசைக் கணினிப் பதிப்புகள் 2020-இல் வந்த 33-ஆம் வெளியீட்டிலிருந்து இயல்பாகப் பயன்படுத்தும் பிடிஆர்எஃப்எஸ், மவுண்ட் செய்த நிலையிலேயே வளரவும் சுருங்கவும் செய்யும். ஆகவே கருவியைத் தேடுவதற்கு முன், பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, எந்தப் பார்ட்டிஷனில் என்ன கோப்பு முறைமை, எது எதற்கு அடுத்து என்று ஒரு தாளில் வரைந்துகொள்வது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சுவரைத் தொடாமல் சமாளிப்பது

இந்த வழியைப் பலர் தவிர்ப்பதற்குக் காரணம், இது வேலை செய்ததுபோலவே தோன்றாது என்பதுதான். ஆனால் ரூட் நிரம்பிய கணினிகளில் கணிசமானவை இதோடு சரியாகிவிடும். இயங்குதளத்தின் கருவான கர்னலின் பழைய பதிப்புகள், மென்பொருள்களை நிறுவும் ஏபிடி சேமித்து வைத்திருக்கும் நிறுவல் பொதிகள், ஸ்னாப் பயன்பாடுகளின் முந்தைய பதிப்புகள், பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் பதிவுகள் ஆகிய நான்கையும் பார்த்தாலே போதும். என் கணினியில் இவற்றால் ஏறத்தாழ 9 ஜிபி மீண்டது. பயன்பாடுகளைத் தனித்தனிப் பொதிகளாக வைத்திருக்கும் ஃபிளாட்பேக், டாக்கர் போன்றவை ரூட்டுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கோப்புறையை ஹோமுக்கு மாற்றிவிட்டுப் அது பழைய இடத்திலேயே இருப்பதுபோலக் காட்டும் பைண்ட் மவுண்ட் செய்யலாம். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்ப்பதோடு முடியும் வேலை; பிடிக்காவிட்டால் திருப்பிக்கொள்ளவும் முடியும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஈஎக்ஸ்டி4 உருவாக்கும்போது, மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் பயனர் என்னும் நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது. ரூட் பார்ட்டிஷனில் அது பயனுள்ளது, விட்டுவிட வேண்டும். ஆனால் ஏடுகளும் படங்களும் மட்டுமே இருக்கும் 870 ஜிபி ஹோமில் 43 ஜிபி இப்படிச் சும்மா முடங்கிக் கிடக்கிறது. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை ஒரு விழுக்காடாகக் குறைக்க ஒரு விநாடி போதும், மவுண்ட் நீக்கவும் தேவையில்லை. ஹோமில் இடம் போதவில்லை என்று பார்ட்டிஷனை மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

என் விஷயத்தில் மீண்ட 9 ஜிபி ஓராண்டுக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று பட்டது. ஆகவே அடுத்த வழிக்குப் போனேன்.

ஜிபார்ட்டெட்

2004 முதல் இருந்துவரும் ஜிபார்ட்டெட் இத்துறையில் பெரும்பாலோர் முதலில் எடுக்கும் கருவி, அது நியாயமும்கூட. டிஸ்கை ஒரு நீண்ட பட்டையாக வரைந்து காட்டும். சுவரைச் சுட்டியால் பிடித்து இழுக்கலாம். எதைச் செய்தாலும் உடனே செயல்படுத்தாமல் கீழே வரிசையில் வைத்துக்கொண்டு, நாம் ஒப்புதல் அளித்த பிறகே தொடங்கும். சுருக்கும்போது கோப்பு முறைமையை முதலிலும் பார்ட்டிஷனைப் பின்னரும், வளர்க்கும்போது பார்ட்டிஷனை முதலிலும் கோப்பு முறைமையைப் பின்னரும் மாற்ற வேண்டும் என்ற, மாறினால் தரவைப் பறிக்கும் வரிசையை அது தானே பார்த்துக்கொள்கிறது. தொடக்கப் புள்ளிகளை மெபிபைட் எல்லையில் பொருத்துவதும் அதன் இயல்பான அமைப்பு. இக்காலத்து டிஸ்குகள் உள்ளே 4,096 பைட் துண்டுகளாக எழுதுவதால், எல்லை பிசகினால் ஒவ்வொரு துண்டும் இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும்; ஆத்தங்குடிக் கல் பதிக்கும்போது முதல் வரிசை அரை விரல் தள்ளிப்போனால் சுவர் ஓரமெங்கும் கல்லை வெட்ட நேர்வதுபோல, டிஸ்க் ஒவ்வொரு முறை எழுதும்போதும் இருமடங்கு வேலை பார்க்கும். அந்த அமைப்பை மாற்றாமல் விடுவதே நல்லது.

பின்சுவரை மட்டும் நகர்த்துவதற்கு ஜிபார்ட்டெட்டை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். முன்சுவரை நகர்த்தச் சொன்னால், அது முதலிலேயே எச்சரிக்கும்: கணினி துவங்காமல் போகலாம், வேலை நெடுநேரம் பிடிக்கலாம் என்று. இரண்டாவது எச்சரிக்கையை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே சுழல் டிஸ்கில் படித்து அதிலேயே வேறிடத்தில் எழுதும்போது ஊசி ஓயாமல் முன்னும் பின்னும் ஓடுவதால், விநாடிக்கு 40 எம்பி கிடைத்தாலே நல்ல வேகம். 560 ஜிபிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் மின்சாரம் போகக்கூடாது. போனால், ஹோமின் ஒரு பாதி பழைய இடத்திலும் மறுபாதி புதிய இடத்திலும் இருக்கும். பார்ட்டிஷன் அட்டவணை இரண்டில் எதைச் சுட்டினாலும் முழு வீடு கிடைக்காது.

பராமரிப்புக்காக நாள் முழுக்க மின் நிறுத்தம் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும் நாட்களைத் தவிர்த்துவிடலாம். அறிவிப்பில்லாமல் ஐந்து நிமிடம் போய் வருவதுதான் சிக்கல். என் யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், அதுவும் அதன் மனநிலையைப் பொறுத்து. மின்கலங்களை ஆராய்வதற்குப் பெயர்பெற்ற சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் காரைக்குடியில் இயங்கி வருகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் என் யூபிஎஸ் பேட்டரிக்கு அந்தக் காற்று படவில்லை. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, பேட்டரி நல்ல நிலையில் இருந்தால்.

கட்டளை வரி, ஓர் அனுபவத்தோடு

ஜிபார்ட்டெட் உள்ளுக்குள் அழைப்பதும், கோப்பு முறைமையைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே, அதன் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் போன்ற அதே கட்டளைகளைத்தான். அவற்றை நாமே தட்டச்சு செய்வதால் வேலை பாதுகாப்பானதாகவோ விரைவானதாகவோ ஆகிவிடுவதில்லை. திரையில்லாத சர்வர்களுக்கும், கிளவுடில் வாடகைக்கு எடுத்த கணினிகளுக்கும் வேறு வழி இல்லை. அங்கே டிஸ்கைப் பெரிதாக்கிய பிறகு, க்ரோபார்ட் கட்டளையால் கடைசிப் பார்ட்டிஷனை நீட்டி, ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் கோப்பு முறைமையை வளர்த்தால், கணினியை நிறுத்தாமலேயே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வளர்ப்பதற்கு இதைவிட எளிது எதுவும் இல்லை.

சுருக்குவதில்தான் பள்ளம் இருக்கிறது, அதில் நான் விழுந்திருக்கிறேன். ஜிகாபைட், ஜிபிபைட் என்று காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு அளவுகள் உண்டு. முன்னது நூறு கோடி பைட். பின்னது 1,07,37,41,824 பைட். ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளைக்கு 200 என்று எழுதி ஜி என்ற எழுத்தைச் சேர்த்தால் அது ஜிபிபைட் என்று எடுத்துக்கொள்ளும். பார்ட்டிஷனின் எல்லையை மாற்றும் பார்ட்டெட் கட்டளைக்கு 200 ஜிபி என்று எழுதினால் அது ஜிகாபைட் என்று எடுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிப்புற டிஸ்கில் இரண்டுக்கும் 200 என்றே கொடுத்துவிட்டு, இரண்டும் பிழையில்லாமல் முடிந்த மகிழ்ச்சியில் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து மவுண்ட் செய்தால் மறுத்தது. ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டியதும் வந்த செய்தி: கோப்பு முறைமையின் கணக்குப்படி 5,24,28,800 பிளாக்குகள் (4,096 பைட் துண்டுகள்) இருக்க வேண்டும், சாதனத்திலோ 4 கோடியே 88 லட்சம் சொச்சமே இருக்கின்றன, இரண்டில் ஒன்று கெட்டிருக்கிறது, நிறுத்திவிடட்டுமா? வீட்டின் வாலிலிருந்து 14 ஜிபிக்கு மேல் சுவருக்கு வெளியே தள்ளியிருந்தேன்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. வேண்டாம், சரிசெய் என்று சொல்லியிருந்தால் வெளியே போனவற்றை இல்லாதவையாகக் கருதிக் கணக்கை நேர்செய்யத் தொடங்கியிருக்கும். பார்ட்டிஷன் அட்டவணையில் மாறியது முடிவுப் புள்ளியைக் குறிக்கும் எண் மட்டுமே. தரவு இருந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படவில்லை. முடிவுப் புள்ளியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனதும் எல்லாம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள். எதைத் தொடுவதற்கு முன்னும் எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் பார்ட்டிஷன் அட்டவணையை ஓர் உரைக் கோப்பாக எடுத்து, வேறொரு பென்டிரைவில் வைத்துவிடுகிறேன். சுருக்கும்போது கோப்பு முறைமையை வேண்டிய அளவைவிடப் பத்து ஜிபி கூடுதலாகவே சுருக்கி, பார்ட்டிஷனை வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அளவு எதுவும் குறிப்பிடாமல் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையை மறுபடி ஓட்டுகிறேன். கோப்பு முறைமை தானாகச் சுவர்வரை வளர்ந்து பொருந்திக்கொள்கிறது. பார்ட்டெட்டின் ரீசைஸ்பார்ட் கேட்பது பார்ட்டிஷனின் அளவை அன்று, அது முடியும் இடத்தை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எஃப்டிஸ்க் என்னும் மற்றொரு கட்டளை வழியாகச் செய்கிறவர்கள் பார்ட்டிஷனை அழித்து, அதே தொடக்கப் புள்ளியில் மீண்டும் உருவாக்குவார்கள். அப்போது அங்கே ஈஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, நீக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்பதே விடை.

தம்பி சொன்ன எல்விஎம்

பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் தொலைபேசியில் நிலையைச் சொன்னபோது, "அண்ணே, அன்னைக்கே எல்விஎம் போட்டிருந்தீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல" என்றான். அவன் சொன்னது உண்மை. 1998-இல் ஹைன்ஸ் மௌல்ஷாகன் லினக்ஸுக்காக எழுதத் தொடங்கிய எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்), முன்பின் என்ற வரிசையையே பொருளற்றதாக்கிவிடுகிறது. டிஸ்கின் இடம் முழுவதும் பொதுச் சொத்தாக ஒரு குழுவில் சேர்ந்துவிடும். அதிலிருந்து, பார்ட்டிஷன் போல் பயன்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் 4 எம்பி துண்டுகளாகப் பங்கு பிரித்துக் கொடுக்கப்படும். ஒரே தொகுதியின் துண்டுகள் டிஸ்கில் எங்கெங்கோ கிடந்தாலும் கோப்பு முறைமைக்கு அது தெரியாது. ரூட்டுக்கு இடம் போதாதபோது எங்கோ இருக்கும் காலித் துண்டுகளை அதன் பெயரில் எழுதினால் முடிந்தது. பழைய டிஸ்கிலிருந்து புதிய டிஸ்குக்கு மாற்றும் பிவிமூவ் கட்டளை நடுவில் மின்சாரம் போய் நின்றாலும், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஜிபார்ட்டெட் நகர்த்துவதில் எனக்கிருந்த அச்சத்துக்கு நேர் மருந்து இது.

இரண்டு குறைகளும் உண்டு. உள்ளே இருக்கும் கோப்பு முறைமையின் இயல்பை எல்விஎம் மாற்றிவிடாது. தொகுதியில் எக்ஸ்எஃப்எஸ் போட்டிருந்தால் அதைச் சுருக்க எல்விஎம்மாலும் ஆகாது. இரண்டாவது, ஏற்கெனவே தரவோடு இருக்கும் சாதாரணப் பார்ட்டிஷனை இருந்த இடத்திலேயே எல்விஎம்மாக மாற்றுவது நான் யாருக்கும் சொல்லக்கூடிய வேலை இல்லை. வெளியே எடுத்து, அழித்து, அமைத்து, திரும்பப் போட வேண்டும். உபுண்டுவின் சர்வர் பதிப்பை வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைச் சரிபார்க்கலாம்: நிறுவும்போது எல்விஎம் ஏற்கெனவே அமைக்கப்பட்டு, பெரிய டிஸ்கின் ஒரு பகுதி மட்டுமே ரூட்டுக்குக் கொடுக்கப்பட்டு, மிச்சம் குழுவில் காலியாகவே விடப்பட்டிருக்கலாம். அப்படியானால் தொகுதியை நீட்டும் கட்டளை ஒன்றே போதும்.

வெளியே எடுத்துத் திரும்பப் போடுவது

காப்புப் பிரதி இல்லாமல் மேற்கண்ட எதையும் செய்யக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதன் கணக்கை யாரும் முழுதாகப் போட்டுக் காட்டுவதில்லை. யூஎஸ்பி 3 வெளிப்புற டிஸ்குக்கு விநாடிக்கு 100 எம்பி வேகத்தில், ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கட்டளையை ஓட்டினால் 560 ஜிபி ஒன்றரை மணி நேரம் சொச்சத்தில் போய்விடும்; டிஃப் போன்ற பெரிய கோப்புகள் என்பதால் வேகம் அதிகம் குறையாது. திரும்பக் கொண்டுவர இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஆக, முழுவதையும் வெளியே எடுத்து, டிஸ்கை அழித்து, விரும்பிய வரிசையில் எல்விஎம்மோ பிடிஆர்எஃப்எஸ்ஸோ அமைத்து, திரும்பப் போட்டாலும் மூன்று மணி நேரந்தான். ஜிபார்ட்டெட் நகர்த்துவதற்கு நான்கு மணி நேரம், அதற்கு முன் கட்டாயம் எடுக்க வேண்டிய காப்புப் பிரதிக்கு ஒன்றரை மணி நேரம். முன்சுவரை இருந்த இடத்திலேயே நகர்த்துவதில் பாதுகாப்பும் இல்லை, நேர மிச்சமும் இல்லை என்று இந்தக் கூட்டல் எனக்குக் காட்டியது.

இடையில் மின்சாரம் போனால்? ஆர்சிங்க் விட்ட இடத்திலிருந்து தொடரும், மூலம் தொடப்படாமல் இருக்கும். ஆனால் அழித்த பிறகு உலகிலுள்ள ஒரே பிரதி அந்த வெளிப்புற டிஸ்கில்தான் என்ற கட்டம் ஒன்று வரும். அதனால் அழிப்பதற்கு முன் இரண்டாவது பிரதி ஒன்று வேறு டிஸ்கில் இருந்தாக வேண்டும். பிரதி எடுத்த பின் ஆர்சிங்கை, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணான செக்சத்தை ஒப்பிடும் முறையில் மறுபடி ஓட்டி, எதுவும் வேறுபடவில்லை என்று உறுதி செய்வதும் அவசியம். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் அறிக்கையில், மாற்றிடத்துக்காகக் காத்திருக்கும் செக்டர்கள் என்ற எண் பூச்சியத்துக்கு மேல் இருந்தால், பார்ட்டிஷன் பேச்சையே விட்டுவிட்டு அன்றைக்கே பிரதி எடுக்க வேண்டும். சாகப்போகும் டிஸ்கில் சுவர் இடிப்பதால் பயனில்லை.

சிறியதை நகர்த்துவது

இவ்வளவும் எழுதிப் பார்த்த பிறகுதான், கேள்வியையே தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பது புரிந்தது. மாற்ற முடியாத 560 ஜிபி ஏடுகளை நகர்த்தி, இணையத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய 40 ஜிபி உபுண்டுவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். நகர வேண்டியது உபுண்டு.

ஒரே டிஸ்க் மட்டும் பொருத்தக்கூடிய மடிக்கணினியில் இதை இவ்வாறு செய்யலாம். லைவ் யூஎஸ்பியில் துவக்கி, ஹோமின் வாலிலிருந்து 80 ஜிபி சுருக்கி, அங்கே புதிய ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் உருவாக்கி, பழைய ரூட்டின் கோப்புகளை உரிமைகளும் இணைப்புகளும் மாறாமல் ஆர்சிங்க் வழியாக அங்கே நகலெடுத்து, புதிய ரூட்டுக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பார்ட்டிஷனின் அடையாளமான யூயூஐடி எண்ணை மாற்றி, சிஎச்ரூட் செய்து (புதிய ரூட்டுக்குள் நுழைந்து), துவக்கும் நிரலான கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஹோமின் முன்சுவர் அசைவதில்லை. பழைய ரூட் அப்படியே இருப்பதால், புதியது துவங்காவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடலாம். தேவகோட்டையில் மைத்துனர் மடிக்கணினியில் இப்படிச் செய்தபோது முதல் முறை பழைய ரூட்டே துவங்கியது; கிரப் மெனு பழைய யூயூஐடியையே பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி சிஎச்ரூட் செய்து கிரப்பை மீண்டும் நிறுவியதும் சரியாயிற்று. அவர் ஸ்கேன் கோப்புகளுக்கு அந்த அரை மணிக் குழப்பத்தில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதே எனக்கு நிம்மதி.

இதில் ஒரு குறை உண்டு. சுழலும் டிஸ்கின் தொடக்கம் தட்டின் வெளி வட்டத்திலும் முடிவு உள் வட்டத்திலும் இருப்பதால், கடைக்கோடிக்குப் போன ரூட் முன்னைவிட மெதுவாகத் துவங்கும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் இந்த வேறுபாடு இல்லை.

விண்டோஸோடு பகிர்ந்து வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே சுருக்குவது நல்லது. அதற்கு முன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதை இடைநிறுத்தி, மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேசைக் கணினிக்கு நான் எடுத்த முடிவு இன்னும் எளிதாக அமைந்தது. மதர்போர்டில், டிஸ்கைப் பொருத்தும் சாட்டா இணைப்பு ஒன்று காலியாக இருந்தது. காரைக்குடி செக்காலைச் சாலைக் கடை ஒன்றில் 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்து, அதில் உபுண்டுவைப் புதிதாக நிறுவி, பழைய ஹோம் பார்ட்டிஷனை அதன் யூயூஐடி எண்ணால் எஃப்எஸ்டேப்பில் சேர்த்தேன். நிறுவும்போது பழைய டிஸ்கின் தரவு வடத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். நிறுவும் மென்பொருள் எந்த டிஸ்கை அழிக்கட்டும் என்று கேட்கும்போது தவறாகச் சொல்வதற்கு அங்கே இன்னொரு டிஸ்க் இருக்கவே கூடாது என்ற எண்ணம். ஆச்சி மறுநாள் காலை வந்து ரங்கூன் பேரேட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பழைய ரூட்டும் ஸ்வாப்பும் சேர்ந்த 58 ஜிபி, ஹோமுக்கு முன்னால் இப்போது யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. அதை ஹோமோடு சேர்த்துவிடலாமே என்று தம்பி கேட்டான். அதற்கு ஹோமின் முன்சுவரை இடப்புறம் நகர்த்த வேண்டும், 560 ஜிபியையும் மறுபடி தூக்க வேண்டும். எஸ்எஸ்டி ஒரு நாள் கைவிட்டால் துவக்கிக்கொள்ள இருக்கட்டும் என்று, பழைய உபுண்டுவை அந்த முன்கட்டிலேயே பூட்டி வைத்திருக்கிறேன்.